தாவா நிலத்தில் தவளை முட்டை

தவளை முட்டை எடுக்க ஜெர்மனியிலிருந்து கும்பகோணத்துக்கு வந்திருக்கிறேன் என்றால் யார் நம்புகிறார்கள்? மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறாள், சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். பஸ்ஸில் மடியில் கோழியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்றார்.

பதில் சொல்வதற்குள் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். திருப்பத்தில் எதிரே கொடி பிடித்த ஊர்வலம். கூலி உயர்த்தினால்தான் அறுவடைக்கு இறங்குவோம் என்று சொல்லிக்கொண்டு போனவர்கள். மேலே வைத்திருந்த என் மரப்பெட்டி தரைக்கு வந்துவிட்டது. பஞ்சு சுற்றி, துணி சுற்றி, கடல் தாண்டிக் கொண்டுவந்த கண்ணாடிச் சாடிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காமிரா என் மடியில் இருந்ததால் பிழைத்தது. கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜெர்மனியில் ரயில் கொஞ்சம் தாமதமானால் ஒருவன் வந்து மன்னிப்புக் கேட்பான். இங்கே கண்டக்டர் உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "செருப்பில்லாத ஜனம் ஏறுமே, நீங்களே கூட்டிடுங்கம்மா" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கூட்டினேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவுக்குள் நரம்பு எப்படி வளர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. முதுகுத் தண்டிலிருந்து ஒரு நரம்பு கிளம்புகிறது. உடம்பில் அத்தனை இடம் இருக்க, தான் போய்ச் சேர வேண்டிய இடத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேள்வி சின்னது. என் இளமையில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. அங்கே என் பேராசிரியர், நரம்பு தண்டவாளத்தில் போகும் ரயிலைப் போல நேரே போகிறது என்று சொல்பவர். நான் அப்படி நினைக்கவில்லை. அது தட்டித் தடவிப் போகிறது, தப்பான பக்கம் போனால் பின்வாங்குகிறது, மறுபடி கிளம்புகிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில், இந்தப் பக்கத்து வயலில் எடுத்த ஒரு சின்னத் தவளையின் தலைப்பிரட்டையில் பார்த்தேன். அதன் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், வாலில் ஓடும் நரம்பு உயிரோடு தெரியும்.

"பார்த்தேன் என்று சொன்னால் போதாது. படம் கொண்டு வா" என்றார் பேராசிரியர். படம் இல்லையென்றால் வசந்த காலத்தோடு என் உதவித்தொகை முடிகிறது, என் மேஜை இன்னொருவருக்குப் போகிறது. கொடுத்த விடுமுறையோ கொஞ்சம். ஐப்பசி மழையும் அந்தத் தவளையும் நானும் ஒரே வாரத்தில் கும்பகோணத்தில் சந்தித்தாக வேண்டும்.

முதல் வேலையாகக் காபி குடித்தேன். அதற்கு மட்டும் நான் யாரிடமும் விளக்கம் சொல்வதில்லை. அங்கே அவர்கள் வாளி மாதிரி ஒரு கோப்பையில் கொடுப்பதற்கும் காபி என்றுதான் பெயர். டபராவில் ஆற்றி முதல் வாய் உள்ளே போனதும் உடைந்த சாடிகளைப் பற்றிய துக்கம் பாதியாகக் குறைந்தது. மீதியோடு பாத்திரக்கடைக்குப் போனேன்.

"எவர்சில்வர் தூக்கு வேணும்."

கடைக்காரர் வருத்தத்தோடு பார்த்தார். "கும்பகோணத்துக்கு வந்து எவர்சில்வர் கேக்கறீங்களே. பித்தளையில பாருங்க. ஈயம் பூசித் தர்றேன், தலைமுறைக்கு நிக்கும்."

"பித்தளையில வெச்சா செத்துப்போயிடுங்க."

"எது?"

"தவளை முட்டை."

அவர் விலைகூடச் சொல்லாமல் எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். நான்தான் விலை கேட்டேன்.

தங்கியது என் சிநேகிதி கோமதி வீட்டில். அவள் அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள், மைக்ராஸ்கோப் அவள் பொறுப்பில் இருக்கிறது. மறுநாள் இருவருமாக வயல் வயலாக அலைந்தோம். புது ரக நெல் வந்த பிறகு வயல்கள் பச்சைப் பசேல் என்று கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் பூச்சிமருந்துத் தெளிப்பான் முதுகில் கட்டிய ஆட்கள் போன இடமெல்லாம் ஒரு காட்டமான வாடை. வரப்பில் ஒரு தவளைகூடத் துள்ளவில்லை. நான் படித்த காலத்தில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்குச் சத்தமாக இருக்கும். இப்போது காக்கைதான் கத்தியது. பிரயாணம் முழுவதும் வீண் என்று நினைத்தேன், கோமதியிடம் சொல்லவும் செய்தேன்.

"சாப்பிட்டுட்டு அழு" என்றாள் கோமதி.

ஒரு கிராமத்து டீக்கடையில் சூடாக இட்லியும், கும்பகோணத்துக்காரர்கள் மட்டும் செய்யும் கடப்பாவும் கிடைத்தன. உருளைக்கிழங்கும் பயறும் சேர்ந்து குழைந்த அந்தக் கடப்பாவை மூன்றாம் முறை கேட்டபோதுதான் கடைக்காரருக்கு எங்கள் மேல் பிரியம் வந்தது. என்ன தேடுகிறோம் என்று விசாரித்தார்.

"தவளையா? அது தாவா நிலத்துலதாங்க கத்தும். அங்கதான் மருந்து அடிக்க ஆளில்ல."

தாவா நிலம் என்றால் வழக்கில் கிடக்கும் நிலம். அந்த ஊர் மிராசுதாருக்கும் அதைக் குத்தகைக்கு உழுதுவந்த குடும்பத்துக்கும் வழக்கு. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். ஆட்சி மாறிய பிறகு உழுகிறவனை எளிதில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் பேச ஆரம்பித்திருந்தது. அவன் குத்தகைதாரனே இல்லை, என் பண்ணையில் கூலி வேலை பார்த்தவன் என்று மிராசுதார் சாதித்தார். தீர்ப்பு வரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் ஊரில் அந்த ஒரு வயல் மட்டும் விதை இல்லாமல், மருந்து இல்லாமல் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தவளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெர்மனியில் மழையைப் பார்த்து இப்படிச் சிரித்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

விடிந்ததும் தனியாகப் போனேன், கோமதிக்கு வகுப்பு இருந்தது. வயலைப் பார்த்தவுடன் நின்றுவிட்டேன். தண்ணீரின் மேல் பாலாடை போல அங்கங்கே படலங்கள், அவற்றில் கடுகு தூவியது போல முட்டைகள். அதே தவளைதான். குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கருவுக்கு முதுகு வந்திருந்தது, வால் முளைக்க ஆரம்பித்திருந்தது. வெயில் சாய்வதற்குள் நரம்பு கிளம்பிவிடும். அதற்குள் இவை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

அங்கேதான் ஒரு காரியம் செய்தேன். காற்றில் படலம் நகர்ந்தால் இடம் தெரிய வேண்டுமே என்று, எங்கள் தொழில் பழக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியில் வெள்ளைத் துணியைக் கட்டி வயல் நடுவே நட்டுவிட்டு, தூக்கை எடுக்கக் கரைக்கு வந்தேன். தாவா நிலத்தில் கொடி நடுவது என்றால் என்ன என்று எனக்கு உறைக்கவில்லை.

"யாரும்மா அது? எந்தக் கட்சிக் கொடி இது, வெள்ளையா?"

குடை பிடித்துக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தவர் மிராசுதாரின் காரியஸ்தர். எதிர் வரப்பில் அரிவாளோடு பெண்கள் கூட்டம். அவர்களுக்கு முன்னால் வந்தவள் அஞ்சலை. அவள் புருஷன்தான் அந்த நிலத்தை உழுதவன். போன அறுவடைத் தகராறில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவன், இன்னும் உள்ளே இருக்கிறான்.

"சர்வே பண்ண பொம்பளை ஆளைக் கூட்டியாந்துட்டாங்கடி" என்று அவள் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. பயந்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். போன முறை இப்படிச் சேர்ந்தபோது மண்டை உடைந்திருக்கிறது.

ஓடிப் போய்க் குச்சியைப் பிடுங்கினேன். "கட்சியும் இல்ல, சர்வேயும் இல்லைங்க. தவளை முட்டை எடுக்க வந்தேன்" என்றேன். இரண்டு வரப்பிலும் ஒரே மாதிரி முழித்தார்கள். அந்த வழக்கில் இரு தரப்பும் ஒத்துப்போன முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

காரியஸ்தர் என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பார்த்தார். "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?"

"அப்பா மாயவரத்துல வாத்தியார். லுத்தரன் பள்ளிக்கூடம்."

"தாத்தா?"

"பண்ணையாள்."

அதன் பிறகு அவர் என்னை 'நீங்க' என்று சொல்லவில்லை. 'நீ' என்று சொல்லவும் துணிவு வரவில்லை. "எங்கேருந்து வர்றது? என்ன படிச்சிருக்கு?" என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டேன்.

கரையோரம் ஒதுங்கியிருந்த படலத்துக்குப் பக்கத்தில் அஞ்சலையைக் குனியச் சொல்லி லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உள்ள சுத்துதே."

"ஆமா. இன்னும் நரம்பு வரல. அது வர்றதைத்தான் நான் பாக்கணும். சாயங்காலத்துக்குள்ள கும்பகோணம் போகலைன்னா போச்சு. என் வேலையும் போச்சு."

"அட, எடுத்துட்டுப் போங்கம்மா. நான் சொல்றேன்."

காரியஸ்தர் குடையை மடக்கினார். "சொல்றதுக்கு நீ யாரு? நிலத்துலேருந்து ஒண்ணை எடுக்க நீ உத்தரவு குடுத்தா, அனுபவ பாத்தியம் உன்னுதுன்னு ஆயிடும். எடுக்கட்டும், நான் சொல்றேன்."

"அவரு சொல்லி எடுத்தீங்க, கையை ஒடிச்சுடுவேன்" என்றாள் அஞ்சலை என்னைப் பார்த்து. அதில் விரோதம் இல்லை. விவரம்தான் சொன்னாள்.

"அவ சொல்லி எடுத்தா நான் ஸ்டேஷனுக்குப் போவேன்" என்றார் அவர்.

எடுத்துக்கொள் என்று சொல்ல இருவரும் தயார். மற்றவர் சொல்வதை அனுமதிக்கத்தான் தயாரில்லை. வழக்கில் கிடக்கும் நிலத்தில் யார் கால் வைத்தார், யார் எதை நட்டார், யார் எதை எடுத்தார் என்பதெல்லாம் நாளைக்குச் சாட்சியாக வந்து நிற்குமாம். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. எனக்குப் போகப்போவது மேஜை. அவளுக்குச் சாப்பாடு. அதனால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெயில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அவர்கள் பாட்டுக்குச் சண்டையைத் தொடர்ந்தார்கள். "முட்டை என்ன நிலத்துலயா மொளைச்சுது? தண்ணியில மெதக்குது. தண்ணிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் காரியஸ்தர்.

"தண்ணி உங்க பண்ணையோடதா? தாவா வந்த நாளா மடையைத் தொறக்கவும் ஆளில்ல, அடைக்கவும் ஆளில்ல. தொறந்துதானே கெடக்கு? வாய்க்கா தண்ணிதான் உள்ளயும் நிக்குது. அது சர்க்கார் தண்ணி."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். அவரும் மடையைப் பார்த்தார். வரப்பில் வெட்டிவிட்ட அந்தச் சின்னத் திறப்பு வழியாக வயல் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஒரே மட்டமாக நின்றன. வாய்க்கால் புறம்போக்கு, அதில் யாருக்கும் வழக்கில்லை. வாய்க்காலில் தண்ணீர் இறங்கினால் வயல் தண்ணீர் தானாக வெளியே வரும். மிதப்பதும் கூடவே வரும்.

வாய்க்கால் மதகுக்குப் பொறுப்பான சர்க்கார் ஆள், லஸ்கர், பீடியோடு கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"வயலுக்குத் தண்ணி விடத்தாங்க உத்தரவு வேணும்" என்றார் அவர் எழுந்துகொண்டே. "மழைத் தண்ணியை வடிக்க எதுக்கு உத்தரவு?" மதகில் போட்டிருந்த பலகையைத் தூக்கினார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். என் கால் தவறி மடையைத் தாண்டிவிடாமல் காரியஸ்தர் குடைக் கம்பியால் தண்ணீரில் கோடு காட்டிக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் அஞ்சலை அதே கோட்டைக் கண்கொட்டாமல் காவல் காத்தாள். படலங்கள் ஒவ்வொன்றாக மெதுவாக நகர்ந்து வந்தன. முதல் படலம் மடையில் உரசிக் கிழிந்துபோயிற்று. என் நெஞ்சும் கூடவே கிழிந்தது. இரண்டாவது முழுசாக வந்து, தூக்கின் மூடிக்குள் ஒரு தோசையைப் போல ஏறிக்கொண்டது. அப்போது எனக்கு வந்த நிம்மதி இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு வரப்புக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினேன்.

டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. தூக்கை அலுங்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். மூடி லேசாக விலகியபோது எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், "மோரா? கடுகு தாளிச்சு எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வெயிலுக்கு நல்லது" என்று சொல்லித் தன் இடத்தைக் கொடுத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் இடம் கிடைத்திருக்காது.

கல்லூரியில் கரண்ட் இல்லை. கோமதி அசரவில்லை. மைக்ராஸ்கோப்பை மேற்கு ஜன்னலுக்கு இழுத்துப்போட்டு, அடியில் இருக்கும் கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பி வைத்திருந்தாள். காமிராவோ சாவி கொடுத்தால் ஓடுவது. காத்திருந்தோம். கரு வளர்ந்தது, வால் நீண்டது, கண்ணாடி போன்ற அந்த வால் துடுப்பில் ஒரு நூல் எட்டிப் பார்த்தது. அதன் நுனியில் விரல்கள் மாதிரி ஏதோ அசைந்தது. இந்தப் பக்கம் தொட்டது, அந்தப் பக்கம் தொட்டது, கீழ்ப்பக்கமாகக் கொஞ்ச தூரம் போனது. நின்றது. பிறகு போன வழியே சுருங்கித் திரும்பி வந்து, மேல்பக்கமாகக் கிளம்பியது.

நான் அழுதுவிட்டேன். அத்தனை வருடம் முன்னால் நான் கண்டது கனவில்லை.

"அழுதது போதும்டி, சாவி குடு. காமிரா நிக்கப் போவுது" என்றாள் கோமதி.

வெளிச்சம் போகும் வரை படம் பிடித்தோம். பிற்பாடு பேராசிரியர் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் வகுப்பில் ரயில் உதாரணத்தைச் சொல்லாமல் விட்டார். என் மேஜை என்னிடமே இருக்கிறது. இதெல்லாம் பின்னால் நடந்தது. மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும்.

தூக்கில் மிச்சமிருந்தவை பொரிந்துவிட்டன. அவற்றை எங்கே விடுவது? நகரத்துச் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. திரும்பவும் அதே ஊருக்குப் போனேன். மல்லிகைப்பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் அஞ்சலைக்கு வாங்கிக்கொண்டேன். காரியஸ்தருக்குக் கொழுந்து வெற்றிலை. இருவரும் ஆளுக்கொரு வரப்பில் தயாராக நின்றார்கள், நான் வருவேன் என்று தெரிந்தவர்கள் போல.

"புள்ளைங்களுக்கு நரம்பு வந்துச்சா?" என்றாள் அஞ்சலை.

"வந்துடுச்சுங்க. படமும் புடிச்சாச்சு."

அவள் சிரித்தாள். நான் தூக்கைத் திறந்து வயல் பக்கம் திரும்பியதுதான் தாமதம், இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

"அங்க விடக்கூடாது" என்றார் காரியஸ்தர். "எடுக்கறது மகசூல்னா, விடறது விதைப்பு. யாரு விதைச்சதுன்னு கோர்ட்டுல கேப்பான்."

"அவரு சொல்றது சரிதாம்மா" என்றாள் அஞ்சலை.

வாய்க்காலிலேயே விட்டேன். தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது லஸ்கர் மதகில் பலகையைத் திரும்பப் போட்டார். தண்ணீர் மெல்ல ஏறியது, மடை வழியாக வயலுக்குள் திரும்பியது. அதோடு தலைப்பிரட்டைகளும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. குனிந்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. காரியஸ்தர் உற்றுப் பார்த்தார், அஞ்சலையும் உற்றுப் பார்த்தாள். கண்ணாடி போன்ற அந்த உடம்புகளைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல இரண்டு வரப்பிலும் ஆளில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.